மூலத்துக்குள் மூலம்



புது டில்லியில் நாம் குடியிருக்கும் அரசாங்க ஊழியர் குடியிருப்பில், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி கணக்கு நோட்டைக் கையில் ஏந்தி நம் இல்லத்துக்கு வந்தாள். பதினோராம் வகுப்பில் படிப்பவள். "மாமா, வழியில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் விடை தப்பு என்று அடித்துவிட்டார்கள்" என்றாள். குரலில் வருத்தத்தைக் காட்டிலும் சலிப்பே மிகுதியாக இருந்தது. இனிக் கணக்குப் பாடமே வேண்டாம் என்று எண்ணத் தொடங்கிய சலிப்பு அது.

கேட்கப்பட்ட வினா இதுதான். 15 பாகை சாய்ந்த ஒரு சாய்தளத்தின் மீது ஓர் அடி தூரம் ஏறினால், தரையின் நேர்க்கோட்டில் எவ்வளவு முன் சென்றிருப்போம்? அதாவது, 15 பாகையின் கொசைன் யாது? பள்ளிக்கூடத்தில் தந்த விடை:

(√6 + √2) ÷ 4

அப்பெண் எழுதியிருந்த விடை:

√(2 + √3) ÷ 2

ஆசிரியர் 45 பாகையிலிருந்து 30 பாகையைக் கழிக்கும் வழியில் சென்றார். மாணவியோ 30 பாகையைப் பாதியாக்கும் வழியில் சென்றாள். இரண்டும் நூலில் உள்ள வழிகளே. ஆயினும், முடிவில் கிடைத்த இரு விடைகளுக்கும் தோற்றத்தில் உறவே இல்லை. ஒன்றில் 6-ம் 2-ம் இருக்கின்றன. மற்றொன்றில் 3 இருக்கிறது. ஒன்றில் இரண்டு மூலங்கள் அருகருகே நிற்கின்றன. மற்றொன்றில் ஒரு மூலத்தின் வயிற்றுக்குள் இன்னொரு மூலம் இருக்கிறது. தசமத்தில் கணித்துப் பார்த்தபோது இரண்டும் 0.9659 என்றே வந்தன.

நாம் கணிதத்தில் பட்டம் பெற்றவர் அல்லோம். கலைப் பாடம் பயின்று, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். ஒரே பொருள் இரு வேறு உடைகளில் வந்து நின்றால் அடையாளம் கண்டு சொல்வது நமக்குப் பழக்கமான வேலை. ஆகவே அன்று மாலை அப்பெண்ணோடு அமர்ந்து, இந்த இரு விடைகளும் ஒன்றுதானா, ஒன்றாயின் அதை எவ்வாறு ஐயமற நிறுவுவது என்று பார்த்தோம். அதையே இங்குச் சொல்ல விரும்புகிறோம். வானொலியில் கேட்கும்போது குறிகளைக் கண்ணால் காண இயலாது. இந்த ஏட்டில் அவற்றை அச்சில் தருவதால், நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உடன் வருவார்களாயின் மிக எளிதாக இருக்கும்.

முதலில் வர்க்கமூலம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு சதுரத்தின் பரப்பு தெரியும். அதன் பக்கம் எவ்வளவு? அந்தப் பக்கமே வர்க்கமூலம். பரப்பு 9 ஆயின் பக்கம் 3. பரப்பு 2 ஆயின் பக்கம் √2. இந்த √2 என்பது எந்தப் பின்னத்துக்கும் சரியாக ஒப்பாகாது. எத்தனை தசம இடங்கள் எழுதினாலும் முற்றுப்பெறாது. ஆயினும் அது ஓர் உண்மையான நீளம். ஓர் அடிச் சதுரத்தின் குறுக்கே கயிறு பிடித்தால் கையில் அகப்படும் நீளம்.

வேள்வி மேடைகளை அமைப்பதற்காக எழுந்த சுல்ப சூத்திரங்களில், ஒரு சதுரத்தின் பரப்பை இரட்டிக்கச் செய்யும் பக்கத்துக்கு 'துவிகரணி' என்று பெயர். மூன்று மடங்காக்குவது 'திரிகரணி'. சுல்பம் என்றால் கயிறு. போதாயனர் பெயரால் வழங்கும் சுல்ப சூத்திரம் துவிகரணியின் அளவைக் காண ஒரு விதி கூறுகிறது: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர், அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒரு பங்கையும் சேர், கடைசியாகச் சேர்த்ததன் முப்பத்துநான்கில் ஒரு பங்கைக் கழி. கணக்கிட்டால் 577 ÷ 408 என்று வரும். இது ஐந்து தசம இடங்கள் வரை, அதாவது 1.41421 வரை, √2-க்கு ஒப்பானது. கயிற்றைக் கொண்டு அளந்தவர்கள் இதற்கு மேல் வேண்டியவர்கள் அல்லர்.

அந்தக் 'கரணி' என்ற சொல், முற்றுப்பெறாத மூலங்களுக்கெல்லாம் பொதுப் பெயராகப் பின்னர் நிலைத்தது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு இங்கே ஒரு செய்தி. தமிழ்நாட்டுப் பள்ளி நூல்கள் இவற்றை 'முறுடு' என்றும் 'விகிதமுறா மூலம்' என்றும் கூறுகின்றன. இந்தியிலும் மராத்தியிலும் இன்றும் 'கரணி' என்பதே வழக்கு. வர்க்கமூலம் என்ற சொல்லோ இந்தியில் 'வர்க்மூல்', வங்காளத்தில் 'பர்கமூல்', மராத்தியில் 'வர்கமூள்' என்று உருச் சிறிதே மாறி வழங்குகிறது. பிள்ளை எந்த மொழியில் பாடம் கற்றாலும், தாய் தந்தையர் தாம் கற்ற சொல்லோடு அருகில் அமர்ந்து உதவ முடியும். மொழி தெரியாது என்று ஒதுங்க வேண்டிய பாடம் கணிதம் அன்று.

இனி, மூலங்களைக் கையாளும் விதிகள் இரண்டு. அவற்றுள் ஒன்று இணங்கும், மற்றொன்று ஏமாற்றும்.

பெருக்கல் இணங்கும். √4 × √9 என்பது 2 × 3, அதாவது 6. √36-ம் 6 தான். எனவே, இரு மூலங்களைப் பெருக்குவதும், உள்ளிருக்கும் எண்களைப் பெருக்கி மூலம் எடுப்பதும் ஒன்றே. இதனால்தான் √72 என்பதை √36 × √2 என்று பிரித்து, 6√2 என்று சுருக்குகிறோம்.

கூட்டல் ஏமாற்றும். √9 + √16 என்பது 3 + 4, அதாவது 7. ஆனால் 9-ஐயும் 16-ஐயும் கூட்டி மூலம் எடுத்தால் √25, அதாவது 5 தான் வரும். மாணவர்கள் செய்யும் பிழைகளில் இதைப்போல் அடிக்கடி வருவது வேறில்லை. இரு மூலங்களைக் கூட்ட வேண்டுமாயின், அவை ஒரே இனத்தைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராசாரியர் தம் பீஜகணிதத்தில் √18, √8, √2 ஆகிய மூன்றையும் சேர்த்து ஓர் உதாரணம் தருகிறார். பார்வைக்கு மூன்றும் வேறு. ஆனால் √18 என்பது 3√2. √8 என்பது 2√2. ஆக, மூன்றும் சேர்ந்து 6√2. மூன்று பேர் அல்லர், ஒரே குடும்பம். √2-ம் √3-ம் அவ்வாறு சேரமாட்டா. அவற்றை அருகருகே அப்படியே நிற்க விட வேண்டும்.

இப்பொழுது மூலத்துக்குள் மூலம் எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். √5 + √3 என்பதை அதனாலேயே பெருக்குவோம். √5-இன் வர்க்கம் 5; √3-இன் வர்க்கம் 3; இடையே √5-ம் √3-ம் இருமுறை பெருகுவதால் 2√15. மொத்தம்:

(√5 + √3)² = 8 + 2√15

ஆகவே, வலப்புறத்தில் உள்ளதற்கு மூலம் எடுத்தால், நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறோம்:

√(8 + 2√15) = √5 + √3

இதைக் கூர்ந்து நோக்குங்கள். 8 என்பது 5-ம் 3-ம் கூடிய தொகை. 15 என்பது அவ்விரண்டும் பெருகிய பயன். எனவே, அடுக்கு மூலம் ஒன்றை அவிழ்க்க வேண்டுமாயின், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கூட்டினால் வெளியெண்ணும், பெருக்கினால் உள்ளெண்ணும் தரக்கூடிய இரு எண்கள் எவை? கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் கொடுத்து இரு எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கைச் சிறுவயதில் நாம் அனைவரும் போட்டிருக்கிறோம். இதுவும் அதுவே.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. உள்மூலத்தின் முன் 2 என்ற எண் நிற்க வேண்டும். இல்லையெனில் அதை வரவழைத்துக்கொள்ள வேண்டும். √(7 + √48) என்பதை எடுத்துக்கொள்வோம். 48 என்பது 4 × 12. எனவே √48 என்பது 2√12. கூட்டினால் 7, பெருக்கினால் 12 தரும் எண்கள் 4-ம் 3-ம். ஆகவே விடை √4 + √3, அதாவது 2 + √3. இரண்டு அடுக்காக இருந்தது ஒரே அடுக்காகி, அதிலும் பாதி முழு எண்ணாகிவிட்டது.

எல்லா அடுக்கு மூலங்களும் இப்படி அவிழுமா என்று நேயர்கள் கேட்கலாம். அவிழா. எது அவிழும், எது அவிழாது என்பதை முன்கூட்டியே அறிய ஒரு சோதனை உண்டு. அதன் காரணத்தையும் சேர்த்தே அறிந்துகொண்டால் மறக்காது.

√(அ + √ஆ) என்பது √ப + √ம என்று அவிழ்வதாகக் கொள்வோம். இங்குள்ள நான்கு எழுத்துகளும் முழு எண்களையோ பின்னங்களையோ குறிப்பவை; √ஆ மட்டும் முற்றுப்பெறாத மூலம். இருபுறமும் வர்க்கம் எடுத்தால், ப + ம என்பது அ ஆகும்; ப-வையும் ம-வையும் பெருக்கியதன் நான்கு மடங்கு ஆ ஆகும். இனி அ-வின் வர்க்கத்திலிருந்து ஆ-வைக் கழியுங்கள். இரு எண்களின் தொகையின் வர்க்கத்திலிருந்து அவற்றின் பெருக்கத்தைப் போல் நான்கு மடங்கைக் கழித்தால், எஞ்சுவது அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கம். ஆதலால்,

அ² − ஆ = (ப − ம)²

அஃதாவது, அ² − ஆ என்பது ஒரு முழு வர்க்கமாக இருந்தே தீர வேண்டும். அவ்வாறு இருப்பின், அதன் மூலத்தை இ என்று வைத்துக்கொண்டால், விடை இதுவாகும்:

√((அ + இ) ÷ 2) + √((அ − இ) ÷ 2)

முன் கண்ட 7-ஐயும் 48-ஐயும் இதில் இட்டுப் பாருங்கள். 49 − 48 = 1. அது வர்க்க எண், எனவே அவிழும். 7-ம் 1-ம் கூடி 8, பாதி 4. 7-இல் 1 போக 6, பாதி 3. விடை √4 + √3. அதே விடை.

√(1 + √2) என்பதைச் சோதிப்போம். 1 − 2 என்பது −1. அது எந்த முழு எண்ணின் அல்லது பின்னத்தின் வர்க்கமும் அன்று. எனவே, இதை இரு வர்க்கமூலங்களின் கூட்டலாக ஒருபோதும் எழுத இயலாது. நம் திறமைக் குறைவினால் அன்று, எண்ணின் இயல்பினால். √(5 + √3)-ம் அவ்வாறே: 25 − 3 = 22; வர்க்கம் அன்று. முயன்று முயன்று பொழுதைக் கழிக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடுவதும் இச்சோதனை செய்யும் உபகாரமே.

ஒரு நுட்பத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதனையில் தோற்றவற்றுள் சில, வேறொரு வாசல் வழியாகத் திறப்பதுண்டு. √(4 + 3√2) என்பதில், 3√2 என்பது √18; 16 − 18 = −2; சோதனை மறுக்கிறது. ஆயினும் 4 + 3√2 என்பதிலிருந்து ஒரு √2-ஐ வெளியே எடுத்தால், √2 × (3 + 2√2) என்று ஆகும். 3 + 2√2-இன் மூலம் 1 + √2. ஆக, விடை 2-இன் நாற்படி மூலத்தை 1 + √2-ஆல் பெருக்கியது. வர்க்கமூலங்களால் மட்டும் ஆகாதது, நாற்படி மூலத்தின் துணையால் ஆயிற்று.

கழித்தல் குறி வரும்போது எச்சரிக்கை வேண்டும். √(3 − 2√2) என்பதற்கு, கூட்டினால் 3, பெருக்கினால் 2 தரும் எண்கள் 2-ம் 1-ம். விடை √2 − 1 எனலாம். 1 − √2 என்றும் சிலர் எழுதிவிடுவர். இரண்டின் வர்க்கமும் ஒன்றுதான். ஆனால் √ என்ற குறி, எதிர்மறை அல்லாத மூலத்தை மட்டுமே குறிப்பது என்பது உடன்பாடு. 1 − √2 என்பது சூனியத்துக்குக் கீழானது. ஆகவே அது விடையாகாது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தே எழுத வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு அவிழ்ப்பதால் பயன் என்ன? தசமத்தில் போட்டுவிட்டால் போகாதா? இதே உதாரணம் விடை கூறும். √2-ஐ 1.414 என்று மூன்று இடங்களுக்கு எடுத்துக்கொள்வோம். அவிழ்த்த வடிவில் √2 − 1 என்பது உடனே 0.414. அவிழ்க்காத வடிவிலோ, 3-இலிருந்து 2.828-ஐக் கழித்து 0.172, அதன் மூலம் 0.4147. உண்மையான அளவு 0.4142. ஏறக்குறைய ஒத்த இரு பெரிய எண்களைக் கழிக்கும்போது, விட்டுவிட்ட சிறு பிழை எஞ்சியதில் பெரிதாகத் தெரிகிறது. சுருக்கிய வடிவம் அழகுக்காக மட்டும் அன்று, கணக்கின் சுத்தத்துக்காகவும்தான்.

இன்னொன்று: தசமங்கள் ஒத்துப்போவது உறவுக்குச் சான்றாகாது. √2 + √3 என்பது 3.146, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.1416. இரண்டு தசம இடங்கள் வரை ஒன்றே போல் தோன்றும் இவை வேறு வேறு எண்கள். ஆகவே, அப்பெண்ணின் விடையும் ஆசிரியரின் விடையும் 0.9659 என்று வந்தது ஐயத்தைக் குறைத்ததேயன்றித் தீர்க்கவில்லை. தீர்ப்பதற்குச் சோதனையை நாடினோம்.

√(2 + √3): இங்கே அ என்பது 2, ஆ என்பது 3. 4 − 3 = 1; வர்க்க எண். எனவே அவிழும். 2-ம் 1-ம் கூடி 3, அதன் பாதி ஒன்றரை; 2-இல் 1 போக 1, அதன் பாதி அரை. ஆகவே,

√(2 + √3) = √(3/2) + √(1/2)

ஒன்றரையை 6 ÷ 4 என்றும், அரையை 2 ÷ 4 என்றும் எழுதினால், வலப்புறம் (√6 + √2) ÷ 2 ஆகும். மேலும் 2-ஆல் வகுத்தால் (√6 + √2) ÷ 4. ஆசிரியரின் விடை அப்படியே வந்து நின்றது. அப்பெண் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்படியானால் நான் தப்பு செய்யவில்லை" என்றாள். "இல்லை அம்மா, நீ வேறு வழியாக அதே வீட்டுக்கு வந்திருக்கிறாய்" என்றோம்.

இந்த வித்தை புதிதன்று. பாஸ்கராசாரியர் தம் பீஜகணிதத்தில் கரணிகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம் ஆகிய ஆறையும் விளக்குகிறார். அவர் தரும் கணக்குகளுள் ஒன்று இது:

√(10 + √24 + √40 + √60)

ஒரு மூலத்துக்குள் மூன்று மூலங்கள். பார்த்தால் மலைப்பாக இருக்கும். நாம் கண்ட வழியிலேயே செல்வோம். √24 என்பது 2√6. √40 என்பது 2√10. √60 என்பது 2√15. இனி 6, 10, 15 ஆகியவற்றை இரண்டிரண்டாகப் பெருகித் தரும் மூன்று எண்கள் எவை? 2 × 3 = 6; 2 × 5 = 10; 3 × 5 = 15. அம்மூன்றும் கூடி 10 ஆகின்றனவா? 2 + 3 + 5 = 10. ஆகவே விடை √2 + √3 + √5. இந்தக் கடைசி ஒத்துப்பார்த்தலை விடவே கூடாது. பெருக்கங்கள் பொருந்தித் தொகை பொருந்தாவிடின், விடை விடையன்று.

பாஸ்கரர் இங்கே ஒரு நல்ல அளவுகோலையும் தருகிறார். இரு கரணிகளின் தொகையை வர்க்கித்தால் உள்ளே ஒரு கரணி வரும், மூன்றாயின் மூன்று, நான்காயின் ஆறு, ஐந்தாயின் பத்து. எனவே உள்ளே எத்தனை கரணிகள் உள்ளன என்று எண்ணினாலே, விடையில் எத்தனை எதிர்பார்க்கலாம் என்பது புலனாகும். மராட்டிய மாநிலத்தில் வாழும் நேயர்கள் சாளிஸ்காவ் பக்கம் செல்ல நேர்ந்தால், அருகிலுள்ள பாட்டண் என்னும் இடத்தை நினைவிற்கொள்ளலாம். பாஸ்கரரின் நூல்களைக் கற்பிப்பதற்காக அவருடைய பேரர் சாங்கதேவர் மடம் ஒன்று நிறுவியதைக் கூறும் கல்வெட்டு அங்கே கிடைத்தது.

இதுவரை கண்டவை ஓரிரு அடுக்குகளோடு முடிபவை. அடுக்குகள் முடியாமலே சென்றால்? ஓர் எளிய உதாரணம்:

√(6 + √(6 + √(6 + …)))

இதன் மதிப்பு ஓர் எண் என்று கொள்வோமாயின், முதல் மூலத்துக்குள் 6-க்குப் பின் நிற்பதும் அதே எண்தான். ஆகவே, அந்த எண்ணின் வர்க்கம், 6-ஐ அந்த எண்ணோடு கூட்டியதற்குச் சமம். அத்தகைய எண் 3: மூன்றின் வர்க்கம் 9, 6 + 3-ம் 9. படிப்படியாகக் கணித்தால் 2.449, 2.907, 2.984, 2.997 என்று அது 3-ஐ நெருங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

இதைக் காட்டிலும் வியப்பான ஒன்று 1911-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1907-இல் தோன்றிய இந்தியக் கணிதக் கழகம் நடத்திய சஞ்சிகையில், வாசகர்கள் வினாக்கள் அனுப்புவதும், பிறர் விடை எழுதுவதும் வழக்கம். கும்பகோணத்தில் வளர்ந்து, பட்டம் பெறாமல், நிலையான வேலையின்றி இருந்த ஓர் இளைஞர் அதில் ஒரு வினா விடுத்தார். அவரே ஸ்ரீனிவாச ராமானுஜன். அப்போது வயது இருபத்து நான்கைத் தாண்டவில்லை. வினா இது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு யாது? மாதங்கள் சென்றன, விடை எதுவும் வரவில்லை. முடிவில் ராமானுஜனே விடையளித்தார். விடை: 3.

காரணம் கேட்டால், இதுவா இத்தனை நாள் மறைந்திருந்தது என்று தோன்றும். 3 என்பது √9. 9 என்பது 1 + 8. அதாவது 1 + 2 × 4. அந்த 4 என்பது √16; அதாவது 1 + 3 × 5-இன் மூலம். அந்த 5 என்பது √25. அதாவது 1 + 4 × 6-இன் மூலம். எந்த எண்ணின் வர்க்கமும், அதற்கு முன் எண்ணையும் பின் எண்ணையும் பெருக்கி 1 கூட்டியதற்குச் சமம் என்ற சிறு உண்மையே இதன் சாவி. ஒவ்வோர் எண்ணையும் அடுத்த அடுக்காக மாற்றிக்கொண்டே போனால், ராமானுஜனின் வினா உருவாகிறது.

ஆயினும் இங்கேயும் ஏமாற இடமுண்டு. 4-ஐ எடுத்து இதே வேலையைச் செய்யலாமே! 16 என்பது 1 + 2 × 7½. அந்த 7½-இன் வர்க்கத்தை 1-உம், 3-இன் மடங்கும் என்று பிரிக்கலாம். இப்படியே சென்றால் 4-க்கும் அதே அடுக்குகள்தாமே வருகின்றன? வேறுபாடு உள்ளே மறைந்து நிற்கும் எண்ணில் இருக்கிறது. 3-இலிருந்து புறப்பட்டால் அந்த எண் 4, 5, 6, 7 என்று அமைதியாக வளர்கிறது. 4-இலிருந்து புறப்பட்டால் 7.5, 18.4, 84.5, பிறகு 1,400-க்கும் மேல் என்று கட்டுமீறிப் பாய்கிறது. அத்தகைய பேரெண்ணை உள்ளே ஒளித்து வைத்தால்தான் 4 கிடைக்கும். எதையும் ஒளிக்காமல் அடுக்குகளை மட்டும் கணித்தால் 1.732, 2.236, 2.560, 2.755, 2.867 என்று வரும். மூன்றுக்கு வேண்டிய குறை 1.268, 0.764, 0.440, 0.245, 0.133 என்று ஒவ்வொரு படியிலும் சுருங்கி, முன்னதன் பாதியைவிடச் சற்றே அதிகமாக நிற்கிறது. எனவே செல்லுமிடம் 3 தான், 4 அன்று. மூன்று புள்ளிகள் இட்டு 'இப்படியே' என்று எழுதும்போது, அது எங்கேனும் போய்ச் சேருகிறதா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

அந்தக் கேள்விக்கு நிறைவான விடை தந்தவரும் ஒரு தமிழரே. தி. விஜயராகவன், 1902-இல் பிறந்து 1955-இல் மறைந்தவர். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்று, பின்னர் அலிகாரிலும் டாக்காவிலும் ஆசிரியராக இருந்து, சென்னையில் ராமானுஜன் கணித நிலையத்தின் முதல் இயக்குநரானார். மூலத்துள் மூலமாக எண்கள் அடுக்கப்படும்போது, அவற்றின் இலக்கங்களின் எண்ணிக்கை படிக்குப் படி இரட்டிக்கும் அளவு வரை அடுக்கு ஓர் எண்ணில் நிலைபெறும். அந்த வேகத்தையும் மீறி வளர்ந்தால் மட்டுமே கட்டுக்கடங்காமல் போகும் என்பது அவர் நிறுவிய முடிவின் சாரம். ராமானுஜனின் கட்டுரைகள் 1927-இல் தொகுதியாக வெளிவந்தபோது, இம்முடிவு அதன் பிற்சேர்க்கையில் இடம்பெற்றது. ஊர் விட்டு ஊர் சென்று கற்பித்த ஒருவரின் உழைப்பு, கும்பகோணத்து இளைஞரின் வினாவுக்கு உறுதியான அடித்தளமாயிற்று என்பது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அண்டை வீட்டுப் பெண்ணின் கதையை முடிக்க வேண்டும். மறுநாள் அவள் நான்கு வரிகளில் தன் விடை ஆசிரியரின் விடையாக மாறுவதை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாள். ஆசிரியர் அதை வாங்கி, இரு விடைகளையும் தாமே வர்க்கித்துப் பார்த்தாராம். இரண்டும் (2 + √3) ÷ 4 என்று வந்தன. அடித்திருந்த கோட்டின் மேல் புதிய மதிப்பெண் இட்டு, அந்த நான்கு வரிகளையும் கரும்பலகையில் எழுதச் சொன்னாராம். கணிதத்தில் பெரியவர், சிறியவர் என்ற வழக்கு இல்லை. வர்க்கித்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே விடை. அதை உடனே ஒப்புக்கொண்ட ஆசிரியரும் நல்லாசிரியரே.

நம் பிள்ளைகளுள் பலர், விடை நூலோடு ஒத்துப்போகவில்லை என்பதனாலேயே தம் வழியைத் தாமே அடித்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: தோற்றம் வேறாக இருந்தால் உடனே தவறு என்று கொள்ளாதே, தசமம் ஒத்திருந்தால் உடனே சரி என்றும் கொள்ளாதே. அ-வின் வர்க்கத்திலிருந்து ஆ-வைக் கழித்துப் பார், அவிழ்த்துப் பார், அவிழ்த்ததை மீண்டும் வர்க்கித்துப் பார்.

விடைபெறுமுன், இல்லத்தில் உள்ள பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பார்க்கப் பாஸ்கரரின் கணக்கு ஒன்றைத் தருகிறோம்:

√(16 + √24 + √40 + √48 + √60 + √72 + √120)

உள்ளே ஆறு கரணிகள். ஆகவே விடையில் எத்தனை என்பதை நேயர்கள் இப்போதே சொல்லிவிடுவார்கள். அந்த எண்கள் கூடி 16 ஆக வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருங்கள்.